கலந்தாய்வில் கிடைத்த இலவச இடம்: கட்டணத்தை யார் கட்டுவது, எப்போது கட்டுவது?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். அண்ணன் மகளுக்கு இந்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு கிடைத்திருக்கிறது. ஆதிதிராவிடர் வகுப்பு. வீட்டு வருமானம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது. குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் அவள்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவிபெறும் பள்ளியில், தமிழ் வழியில் படித்தாள்.

"எல்லாமே ஃப்ரீதான், ஒரு ரூபாய் கட்ட வேண்டாம்" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "முதலில் கட்டுங்கள், கவர்மென்ட் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்கிறார்கள். எப்போது வரும் என்பதற்குப் பதில் இல்லை. அண்ணன் வட்டிக்கு வாங்கலாம் என்று கிளம்பிவிட்டார், நான்தான் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். இவளுக்கு எந்த விதி பொருந்தும்? கல்லூரி முன்பணம் கேட்பது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டணப்பிரிவு எழுதியது:

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், உங்கள் கேள்வியில் இருக்கிற கல்லூரி இல்லை. முதலில் ஒன்று: "இலவச இடம்" என்று ஒரே திட்டம் கிடையாது. வெவ்வேறு துறைகளின் பணம், வெவ்வேறு நிபந்தனைகள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் பெற்றோர் குழம்பிப்போகிறார்கள்.

7.5 விழுக்காடு ஒதுக்கீடு உங்கள் அண்ணன் மகளுக்கு வராது. அது 2021-இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவிபெறும் பள்ளி அதில் சேராது. அந்த ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குத்தான் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசு ஏற்கிறது.

முதல் பட்டதாரி சலுகை 2010-11-இலிருந்து இருக்கிறது. சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வந்திருக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் இந்தச் சலுகை ஆண்டுக்கு 25,000 ரூபாய், அதுவும் கல்விக் கட்டணத்தில் மட்டும் கழியும். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000 என்றும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 என்றும் வைத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் பாதிதான் குறையும்.

உங்களுக்குப் பெரிய கதவு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு அரசு தருவது. வருமான வரம்பு இரண்டரை லட்சம். கல்விக் கட்டணத்தோடு நிற்காமல், கட்டாயமாக வசூலிக்கப்படுகிற, திரும்பத் தராத கட்டணங்களையும் அது ஏற்கும். அதற்கு மேல் கல்விப்படியும் உண்டு. தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்கு மத்திய அரசின் 2021 வழிகாட்டுதலில் விடுதியில் தங்குபவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 7,000. ஒரே கல்விக் கட்டணத்துக்கு இரண்டு திட்டத்திலும் கேட்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். இடம் கலந்தாய்வில் வந்ததுதானே? மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் கிடையாது.

வைகைக்கரை எழுதியது:

கலந்தாய்வில் வந்ததுதான் சார், ஒதுக்கீட்டு ஆணை கையில் இருக்கிறது. மிக்க நன்றி. அப்படியானால் முன்பணம் எதற்கு?

செங்காந்தள் எழுதியது:

அதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில்தான் நான் பி.இ. முடித்தேன்.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தின் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பிரித்துக்கொள்ள முடிவெடுத்தது. ஐந்தாண்டுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி. அதற்கு முன்னால் இருந்த ஏற்பாட்டில் மாநிலங்கள்தான் பெரும்பாலான சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தன. அந்த அளவில் இது நல்ல மாற்றம், நான் மறுக்கவில்லை.

ஆனால் கூடவே இன்னொன்றும் மாறியது. மத்திய அரசின் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் என்று ஆக்கினார்கள். மாநிலம் தன் 40-ஐ விடுவித்ததைக் காட்டிய பிறகுதான் அந்த 60 வரும். இடைத்தரகர் இல்லை, போலிக் கணக்கு இல்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? கல்லூரியின் பார்வையில் இப்போது கடனாளி அரசு இல்லை, மாணவி. "உன் கணக்குக்குத்தானே வருகிறது, நீ கட்டு" என்று சொல்லிவிடலாம். பணம் வராத மாதங்களிலும் அதையேதான் சொல்வார்கள்.

நான் படித்த இடத்தில் செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் பெயர் வாசிப்பார்கள். கட்டணம் பாக்கி உள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்ற எல்லோரும் எந்தச் சாதியைச் சேர்ந்தவர்கள் என்று மொத்தக் கூடத்துக்கும் தெரியும். கட்டணம் இலவசம் என்று அரசாணை சொல்கிற அதே மாணவிகள்தான் அங்கே நின்றோம். என்னுடன் நின்ற ஒருத்தி மூன்றாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி.

முன்பணம் பற்றி: 2021 வழிகாட்டுதலில் ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. தகுதியுள்ள மாணவர் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் முன்கூட்டிக் கட்டாமலே சேரலாம், உதவித்தொகை வந்ததும் கல்லூரிக்குச் செலுத்துவேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஆகவே அண்ணனை வட்டிக்கு வாங்க விடாதீர்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்.

கட்டணப்பிரிவு எழுதியது:

செங்காந்தள், எழுந்து நிற்கச் சொன்னது அநியாயம். அதை எந்த நியாயத்தாலும் மூட முடியாது. ஆனால் கணக்கு மேசைக்கு இந்தப் பக்கம் நடப்பதையும் சொல்ல விடுங்கள்.

ஆசிரியர் சம்பளம் மாதாமாதம். மின்கட்டணத்தையும் தள்ளிப்போட முடியாது. அரசிடமிருந்து வரவேண்டிய பணம் மட்டும் அடுத்த கல்வியாண்டில், சில நேரம் அதற்கும் அடுத்த ஆண்டில். பெரிய கல்லூரிகள் மேனேஜ்மென்ட் இடத்துப் பணத்தை வைத்துச் சமாளித்துவிடும். கலந்தாய்வு மாணவர்களை நம்பியே ஓடுகிற சின்னக் கல்லூரியில், பாதிக்கு மேல் முதல் பட்டதாரியும் உதவித்தொகை மாணவர்களும் இருந்தால், அங்கே சம்பளம் தள்ளிப்போகும். ஏழை மாணவர்களை அதிகம் சேர்க்கிற கல்லூரிதான் அதிகம் தண்டிக்கப்படுகிறது. சம்பளம் வராத ஆசிரியர் பாதி ஆண்டில் விட்டுப்போனால் அந்த இழப்பும் அதே பிள்ளைகளுக்குத்தான்.

பழைய_பாலிடெக்னிக் எழுதியது:

நான் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று இளையவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்தது. தனியார் தொழிற்கல்லூரியில் பாதி இடம் இலவச இடம், தகுதி அடிப்படையில் அரசுக் கட்டணத்தில் நிரப்ப வேண்டும். மறுபாதி பேமென்ட் இடம், கூடுதல் கட்டணம். பேமென்ட் மாணவர் கட்டுகிற அதிகப் பணம் இலவச மாணவரின் செலவைச் சரிக்கட்டும். ஃப்ரீ சீட், பேமென்ட் சீட் என்று நம் வீடுகளில் பேச ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். அரசு ஒரு காசு போடாமல் இலவச இடம் கிடைத்தது.

அதில் ஒரு குறை இருந்தது. நகரத்தில் நல்ல பள்ளியில் படித்து, டியூஷன் போய், நல்ல மதிப்பெண் வாங்கிய வசதியான வீட்டுப் பிள்ளை இலவச இடத்தில் உட்காரும். கிராமத்தில் படித்துக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளை நிலத்தை விற்றுப் பேமென்ட் இடத்தில் சேரும். ஏழை பணக்காரனுக்குப் படிப்புச் செலவு கொடுத்த கதை. 2002-இல் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு அந்தத் திட்டத்தை அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று எடுத்துவிட்டது. ஒரு மாணவரின் செலவை இன்னொரு மாணவர் தலையில் கட்டக் கூடாது என்றது. 2003-இல் இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பால் கட்டணக் குழுக்கள் வந்தன. 2005-இல் இனாம்தார் தீர்ப்பு, உதவிபெறாத தனியார் கல்லூரி மீது அரசு தன் ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. அதே ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தில் 93-ஆம் திருத்தம் கொண்டுவந்து, தனியார் கல்லூரியிலும் ஒதுக்கீடு வைக்க அரசுக்கு வழிவிடும் 15(5) பிரிவைச் சேர்த்தது. தமிழ்நாட்டில் சிறுபான்மையல்லாத கல்லூரிகள் 65 விழுக்காடு, சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களை ஒற்றைச் சாளரத்துக்கு ஒப்படைக்கின்றன.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 2002-க்குப் பிறகு சட்டப்படி ஒரே வழிதான் மிஞ்சியது. இடம் தனியாருடையது, மாணவர் ஏழை, செலவை இன்னொரு மாணவரிடம் வாங்கக் கூடாது. அப்போது அரசு கொடுத்தே ஆக வேண்டும். அரசு கொடுக்கத் தாமதித்தால் அந்தத் தாமதத்தின் விலையை யார் கட்டுவது என்று விதியில் எங்குமே தெளிவாக எழுதவில்லை. எழுதாத இடத்தில் பலவீனமானவர்தான் கட்டுவார்.

புனேவாசி எழுதியது:

ஐயா சொன்னதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஐசிடிஇ-யின், அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின், கல்விக் கட்டண விலக்குத் திட்டம். அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 5 விழுக்காடு கூடுதல் இடங்கள், பெற்றோர் வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு. கல்விக் கட்டணத்தைக் கல்லூரியே விட்டுக்கொடுக்க வேண்டும், அரசு திருப்பித் தராது. நான் வேலை பார்க்கும் மகாராஷ்டிரத்தில் இது நன்றாகவே நடக்கிறது. விருப்பப் பட்டியல் கொடுக்கும்போதே இந்த இடங்களுக்குத் தனிக் குறியீடு இருக்கும். அரசுப் பணத்துக்குக் காத்திருக்கிற பேச்சே இல்லை. இதை 5-லிருந்து 15 ஆக்கினால் என்ன?

கட்டணப்பிரிவு எழுதியது:

புனேவாசி, விலக்கு கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். மற்ற கட்டணங்கள் எல்லாம் உண்டு. 15 விழுக்காடாக ஆக்கினால், கல்விக் கட்டணம் குறைந்து "மற்ற கட்டணங்கள்" வீங்கும். மேம்பாட்டுக் கட்டணம், ட்ரெய்னிங், அசோசியேஷன், ஆய்வக உடை, பேருந்து என்று பெயருக்கா பஞ்சம்.

இன்னொரு குறை, எட்டு லட்சம் என்பது மிக அகலமான வலை. அதற்குள் தகுதி வரிசைப்படி இடம் போகிறது என்றால், ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஐயா சொன்ன பழைய ஃப்ரீ சீட் குறையே சின்ன அளவில் திரும்ப வருகிறது. சேர்ந்த பிறகு கல்லூரியோ பாடப்பிரிவோ மாறவும் முடியாது.

நிழல்மரம் எழுதியது:

நான் 7.5 ஒதுக்கீட்டில் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். இந்த ஒதுக்கீடு இல்லையென்றால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா இதுவரை கல்லூரிக்கு ஒரு தொகையும் கட்டியதில்லை. விடுதியும் சாப்பாடும் சேர்த்து.

எங்கள் திட்டத்துக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இங்கே "இவ்வளவு ரூபாய் சலுகை" என்று எழுதவில்லை, "இந்த மாணவரிடம் வாங்காதே" என்று எழுதியிருக்கிறது. முதல் ஆண்டில் பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்குக்குப் பணம் கேட்டார்கள். எங்களிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அனுப்பிய சுற்றறிக்கையை ஒரு சீனியர் அண்ணன் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினார். அதன்பிறகு கேட்கவில்லை. அரசுப் பணம் கல்லூரிக்குத் தாமதமாகத்தான் வருகிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வது என் காதிலும் விழும். ஆனால் அந்தச் சண்டையில் நான் இல்லை. கல்லூரிக்கும் அரசுக்கும் இடையில் நடக்கிறது. நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

செங்காந்தள் எழுதியது:

தம்பி, நான் மூன்று பத்தியில் சொல்ல முயன்றதை நீ சொல்லிவிட்டாய். போஸ்ட் மெட்ரிக் மாணவிக்கும் இதே ஏற்பாடு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்கவில்லை. கடன் யார் பெயரில் நிற்கிறது என்பதை மாற்றச் சொல்கிறேன்.

புனேவாசி எழுதியது:

நேரடியாக மாணவர் கணக்கில் போடுவதற்கும் காரணம் இருந்தது அல்லவா? இல்லாத மாணவர் பெயரில் கல்லூரிகள் பணம் வாங்கிய வழக்குகள் பல மாநிலங்களில் வந்தன. எல்லாவற்றையும் கல்லூரிக்கே கொடுத்துவிட்டால் பழையபடி ஆகாதா?

பழைய_பாலிடெக்னிக் எழுதியது:

நியாயமான கேள்வி. ஆந்திராவில் இரண்டையும் செய்து பார்த்தார்கள். முதலில் கல்லூரிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2021-லிருந்து தாயின் வங்கிக் கணக்கில் போட்டார்கள், தாய் போய்க் கல்லூரியில் கட்ட வேண்டும். வீட்டில் மருத்துவச் செலவோ விதைச் செலவோ வந்தால் அந்தப் பணம் எங்கே போகும்? கல்லூரிகள் நீதிமன்றம் போயின, அதே ஆண்டே உயர் நீதிமன்றம் கல்லூரிக்கே கொடுக்கச் சொன்னது. தெலங்கானாவில் கல்லூரிக்குத்தான் தருகிறார்கள், ஆனால் நிலுவை ஏறிப்போய் 2024-லும் 2025-லும் தனியார் கல்லூரிகள் கதவை மூடும் போராட்டம் வரை போனார்கள். ஆக, எந்தக் கணக்கில் போடுவது என்பது மட்டும் தீர்வு இல்லை.

மாணவர் உண்மையில் இருக்கிறாரா என்பதை இப்போது சரிபார்ப்பது சுலபம். ஆதார் இருக்கிறது, கல்லூரி மாணவர் விவரங்களைப் பதிகிற அரசின் யுமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் எண் இருக்கிறது, பல்கலைக்கழகத் தேர்வுப் பதிவு இருக்கிறது. மோசடியைத் தடுக்கப் பதினெட்டு வயதுப் பெண்ணைக் கடனாளி ஆக்க வேண்டிய அவசியம் இல்லை. படிப்பைத் தொடர்கிறேன், வருகை இருக்கிறது என்று மாணவர் உறுதி செய்யட்டும், பணம் கல்லூரிக்குப் போகட்டும். கையெழுத்து மாணவருடையது, கடன் அரசுடையது.

கட்டணப்பிரிவு எழுதியது:

இதை நான் வரவேற்கிறேன். கூடவே ஒரு வேண்டுகோள்: செமஸ்டர் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் பாதித் தொகை, தேர்வு முடிந்ததும் மீதி. முந்தைய ஆண்டின் மாணவர் எண்ணிக்கையை வைத்தே முன்தொகை கொடுத்துவிட்டுப் பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம். தாமதமானால் அரசு வட்டி தரட்டும். அப்படி ஒரு வரி விதியில் இருந்தால் கோப்பு தானாக நகரும். அதற்குப் பதிலாக, பாக்கிக்காகத் தேர்வையோ சான்றிதழையோ நிறுத்திவைக்கிற கல்லூரியின் இணைப்பைப் பறிக்கலாம். எங்கள் தரப்பில் பலர் கோபப்படுவார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

பழைய_பாலிடெக்னிக் எழுதியது:

பேச்சு முழுக்கப் பொறியியலைச் சுற்றியே போகிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. அங்கே யாரும் திருப்பித் தருவதற்குக் காத்திருப்பதில்லை, ஏனென்றால் இடமே அரசினுடையது. கட்டணத்தை வசூலித்துவிட்டுத் திருப்பித் தருவதைவிட, வசூலிக்கவே தேவையில்லாத இடத்தை உண்டாக்குவது எவ்வளவு சுத்தமான வழி! அரசு பாலிடெக்னிக்கிலும் கட்டணம் மிகக் குறைவு. பட்டயம் முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். நான்கு ஆண்டு சுயநிதிக் கட்டணத்தை அரசு கட்டுவதற்கு முன்னால், அரசு பாலிடெக்னிக்குகளின் காலி ஆசிரியர் பணியிடங்களை நிரப்பட்டும், பழைய லேத்துகளை மாற்றட்டும் என்று நான் கேட்பேன்.

நிழல்மரம் எழுதியது:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். "ஏழை வீட்டுப் பிள்ளையா, ஐடிஐ-க்குப் போ" என்று எங்கள் பள்ளியிலேயே சொல்வார்கள். நல்ல நோக்கத்தில்தான் சொல்வார்கள். ஆனால் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் தகுதியால் கிடைக்கும்போது அதை எடுக்கிற உரிமை எங்களுக்கும் வேண்டும். அரசு இடங்களைப் பெருக்கட்டும், அதற்காக இதைக் குறைக்கக் கூடாது.

பழைய_பாலிடெக்னிக் எழுதியது:

குறைக்கச் சொல்லவில்லை தம்பி. முதல் செலவு எதற்கு என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. நீ சொன்னதும் சரியே.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போய்வந்தோம். மனு வாங்கிக்கொண்டு ஒப்புகை கொடுத்தார்கள். ஒதுக்கீட்டு ஆணை, சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றின் நகலையும் இணைத்து, முன்பணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளும்படி கல்லூரி முதல்வருக்கும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். அலுவலகத்தில் இப்போது பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது, "கல்விக் கட்டணம் அப்புறம் பார்க்கலாம், பஸ் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்றார்கள். அது கட்டித்தான் ஆக வேண்டுமா?

கட்டணப்பிரிவு எழுதியது:

கல்லூரிப் பேருந்தில் போனால் கட்ட வேண்டும். எல்லோருக்கும் கட்டாயம் இல்லாத, விரும்புகிறவர் மட்டும் கட்டுகிற கட்டணம் போஸ்ட் மெட்ரிக்கில் வராது. அரசுப் பேருந்தில் போக வழி இருந்தால் மாணவர் பஸ் பாஸுக்கு விண்ணப்பியுங்கள். எந்தத் தொகை கட்டினாலும் எதற்கு என்று தலைப்போடு ரசீது வாங்குங்கள். "பல்வகை" என்று எழுதிய ரசீதை வாங்காதீர்கள்.

செங்காந்தள் எழுதியது:

அக்கா ஒருத்தி சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே அவள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்துவிடுங்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் மட்டும் போதாது, அரசின் நேரடிப் பணம் அந்தக் கணக்குக்கு வருமாறு இணைப்பு ஆகியிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். சிக்கல் என்றால் அஞ்சலக வங்கியில் கணக்கு தொடங்கினால் சீக்கிரம் முடியும்.

தமிழ் வழியில் உதவிபெறும் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேளுங்கள். முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, 2024 டிசம்பரில் இவர்களையும் சேர்த்தார்கள். மற்ற உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும்.

கடைசியாக, போஸ்ட் மெட்ரிக்கை ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டு எல்லோரும் கவனமாக விண்ணப்பிப்பார்கள். இரண்டாம் ஆண்டில் கல்லூரியே செய்துவிடும் என்று விட்டுவிடுவார்கள், அந்த ஆண்டுப் பணம்தான் போகும். யுமிஸ் தளத்தில் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவளே பார்க்கப் பழகட்டும். வருமானச் சான்று காலாவதி ஆகும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.